விசா மறுக்கப்பட்டால் எந்தப் பணம் திரும்பும், யார் கைக்குத் திரும்பும்?

விசா மறுக்கப்பட்ட கடிதம் வந்ததும் எங்கள் பக்கத்துக் குடும்பங்களில் முதலில் கேட்கும் பேச்சு, "கட்டின பணமெல்லாம் போச்சு" என்பதுதான். அது பாதி உண்மை. மீதிப் பாதியை யாரும் எடுத்துச் சொல்லாததால், சட்டப்படித் திரும்பி வரவேண்டிய பணத்தைக்கூடக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். அல்லது அந்தப் பணம் திரும்பி வந்து வேறொருவர் கணக்கில் உட்கார்ந்திருப்பது தெரியாமலே இருந்துவிடுகிறார்கள். கும்பகோணத்தில் வங்கி ஒன்றின் அந்நியச் செலாவணிப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால், பாபநாசம், வலங்கைமான், குடவாசல் பக்கத்துக் குடும்பங்கள் இந்த விஷயத்திற்காக என்னைத் தேடி வருவதுண்டு. வருகிறவர்களிடம் தனித்தனியே சொல்வதை ஓரிடத்தில் எழுதி வைக்கலாம் என்றே இந்தப் பதிவு.

முதலில் கட்டணத்தின் தன்மையைப் புரிந்துகொள்ள வேண்டும். விசா கட்டணம் என்று நாம் பேச்சுவழக்கில் சொல்வது, விசாவுக்கான விலை அன்று. விண்ணப்பத்தைப் பிரித்துப் படித்து முடிவெடுக்கும் வேலைக்கான கூலி. முடிவு நமக்குச் சாதகமோ பாதகமோ, வேலை நடந்துவிட்டால் கூலி திரும்பாது. ஆனால் பல நாடுகள் அந்தக் கூலியோடு சேர்த்து வேறு சில தொகைகளையும் முன்கூட்டியே வாங்கிக்கொள்கின்றன. நாம் அங்கே போய் வாழும்போது பெறப்போகும் ஒன்றுக்காக வாங்கப்படும் தொகைகள் அவை. போகவே அனுமதி இல்லையென்றால் அந்தத் தொகையை வைத்துக்கொள்ள அந்த அரசுக்கு நியாயம் இல்லை. பெரும்பாலும் வைத்துக்கொள்வதும் இல்லை. எந்த நாட்டு விண்ணப்பமானாலும், கட்டிய ஒவ்வொரு தொகையும் இவ்விரண்டில் எந்த வகையைச் சேர்ந்தது என்று பார்த்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

இதற்கு இங்கிலாந்தைவிடத் தெளிவான உதாரணம் இல்லை. அங்கே ஆறு மாதத்துக்கு மேல் தங்கப் போகிறவர்கள் விசா கட்டணத்தோடு, அங்குள்ள அரசு மருத்துவச் சேவைக்காகக் குடியேற்ற மருத்துவக் கூடுதல் கட்டணம் ஒன்றையும் கட்டவேண்டும், ஐ.எச்.எஸ். என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். 2015 ஏப்ரலில் இது தொடங்கியபோது ஆண்டுக்கு 200 பவுண்டு, மாணவர்களுக்கு 150 பவுண்டு. படிப்படியாக ஏறி, 2024 பிப்ரவரி 6 முதல் ஆண்டுக்கு 1,035 பவுண்டாகவும், மாணவர்களுக்கு 776 பவுண்டாகவும் ஆகிவிட்டது. ஓராண்டு முதுகலைப் படிப்புக்குப் போகிறவருக்குப் படிப்புக்கு முன்னும் பின்னும் சில மாதங்கள் சேர்த்து விசா கொடுப்பார்கள் என்பதால், ஒன்றரை ஆண்டுக்கான கணக்காக 1,164 பவுண்டு வரும். நம் பணத்தில் அது ஒன்றேகால் லட்சத்தைத் தாண்டும். 2025 ஏப்ரலில் உயர்த்தப்பட்டபோது மாணவர் விசா கட்டணமே 524 பவுண்டுதான். அதாவது, சேர்த்துக் கட்டும் தொகையில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் இந்த மருத்துவக் கட்டணம்.

விசா மறுக்கப்பட்டால் விசா கட்டணம் போனதுதான். 1,164 பவுண்டு முழுவதுமாகத் திரும்பிவிடும். அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டியதில்லை. முடிவு வந்து ஆறு வாரத்துக்குள் வருவது வழக்கம். முடிவை மறுபரிசீலனை செய்யச் சொல்லியோ மேல்முறையீடு செய்தோ இருந்தால் அதற்குமேலும் தாமதமாகலாம். தவறுதலாக இரண்டு முறை கட்டிவிட்டாலும், கேட்டதைவிடக் குறைந்த காலத்துக்கே விசா கொடுத்தாலும், முடிவு வருவதற்கு முன்பே விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டாலும், அந்தந்த அளவுக்கு மருத்துவக் கட்டணம் திரும்ப வரும். கைரேகையும் புகைப்படமும் கொடுப்பதற்கு முன்பே விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுவிட்டால் விசா கட்டணமும் சேர்ந்தே திரும்பிவிடும். ஆகவே, கல்லூரி இடம் கைவிட்டுப் போனதோ, பணம் புரட்ட முடியவில்லையோ, போவதில்லை என்று தீர்மானமாகிவிட்டால் சென்னைக்குப் போய்க் கைரேகை வைக்கும் நாளுக்கு முன்பே அந்த முடிவை எடுப்பது நல்லது. இதற்கு மறுபக்கமும் உண்டு. விசா கிடைத்து, குடும்பச் சூழ்நிலையால் போக முடியாமல் போனால் எதுவும் திரும்பாது; மருத்துவமனை வாசலை மிதிக்கவே இல்லையே என்ற வாதம் அங்கே எடுபடாது.

இன்னொரு வழியில் திரும்பி வரும் பணமும் உண்டு. இதை நம் பிள்ளைகள் பலர் அறியவில்லை. படிப்பு முடித்து இரண்டு ஆண்டு கிராஜுவேட் விசாவுக்கு மாறுகிறவர்கள் 2,070 பவுண்டு மருத்துவக் கட்டணமாகக் கட்டுகிறார்கள். அவர்களில் கணிசமானோர் முதியோர் இல்லங்களிலும் பராமரிப்பு நிலையங்களிலும் வேலைக்குச் சேருகிறார்கள். மருத்துவம் அல்லது சமூகப் பராமரிப்புத் துறையில் வாரத்துக்குச் சராசரியாக 16 மணி நேரமாவது வைத்து ஆறு மாதம் வேலை பார்த்திருந்தால், அந்த ஆறு மாதத்துக்கான மருத்துவக் கட்டணத்தைத் திரும்பக் கேட்கலாம். 2020-இல் கொரோனா காலத்தில், மருத்துவத் துறையில் உழைப்பவர்களிடமே மருத்துவத்துக்குக் கட்டணம் வாங்குவது முறையா என்று அங்கே எழுந்த எதிர்ப்பின் விளைவாக வந்த ஏற்பாடு இது. ஆனால் இது தானாக வராது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை நாமே கேட்கவேண்டும். சம்பளச் சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள் என்று பிள்ளைகளிடம் பெற்றோர் சொல்லி வைக்கலாம்.

இனி, எங்கள் பக்கத்தில் நான் அதிகம் பார்க்கும் சிக்கலுக்கு வருகிறேன். பணம் திரும்பி வரும் என்பது சரி, யாருக்கு வரும்?

திரும்பும் பணம், எந்த அட்டையிலிருந்து போனதோ அந்த அட்டைக்கே வரும். விண்ணப்பித்தவர் யார், கடன் வாங்கியவர் யார், எந்த நகை அடகில் இருக்கிறது என்பதெல்லாம் அந்தக் கணினிக்குத் தெரியாது. இங்கே பெரும்பாலான விண்ணப்பங்களுக்குக் கன்சல்டன்சிக்காரர்கள் தங்கள் அட்டையிலேயே கட்டணத்தைச் செலுத்திவிட்டு, குடும்பத்தாரிடம் ரொக்கமாகவோ ஜி.பே. வழியாகவோ மொத்தமாக வாங்கிக்கொள்கிறார்கள். இதில் கெட்ட எண்ணம் இருந்தே ஆகவேண்டும் என்பதில்லை. ரிசர்வ் வங்கியின் உத்தரவுப்படி 2020 அக்டோபர் முதல் புதிதாகத் தரப்படும் அட்டைகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை மூடியே இருக்கும். நாமாகத் திறந்துவிட்டால்தான் வேலை செய்யும். அப்பாவின் அட்டையைப் போட்டுப் பார்த்து, அது ஏற்கவில்லை என்றதும், "நாங்களே போட்டுக்கிறோம் சார், நீங்க பணமா குடுத்துடுங்க" என்று சொல்வது அவர்களுக்கும் சுலபம், நமக்கும் சுலபம். விசா கிடைத்துவிட்டால் இதில் ஒரு குறையும் தெரியாது. மறுக்கப்படும்போதுதான், திரும்பி வரும் ஒன்றேகால் லட்சம் அவர்களுடைய அட்டைக்குப் போய்ச் சேருகிறது.

பாபநாசத்துக்கு அருகே ஒரு கிராமத்து விவசாயி, மகளை இங்கிலாந்துக்கு அனுப்புவதற்காகக் கூட்டுறவுச் சங்கத்தில் நகைக்கடன் வாங்கி, ஒரு கன்சல்டன்சியில் "விசா செலவு" என்ற ஒற்றைத் தலைப்பில் 2,10,000 ரூபாய் கட்டியிருந்தார். ரசீதில் பிரித்துக் காட்டவில்லை. நேர்காணலில் சொன்ன பதில்கள் திருப்தியாக இல்லை என்று விசா மறுக்கப்பட்டது. "அரசாங்கத்துக்குக் கட்டினது அண்ணே, அது எப்படித் திரும்பும்" என்று அந்த அலுவலகத்தில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவர் என்னிடம் வந்தது அதற்காகக்கூட அன்று. நகைக்கடனைத் திருப்பி வைத்தால் வட்டி குறையுமா என்று கேட்கத்தான் வந்தார். பேச்சுவாக்கில் மறுப்புக் கடிதத்தை வாங்கிப் பார்த்தபோதுதான் மருத்துவக் கட்டணத்தைப் பற்றிக் கேட்டேன். அப்படி ஒன்று கட்டப்பட்டிருப்பதே அவருக்குத் தெரியாது. நான் விளக்கியதும் அவர் கேட்ட கேள்வி இதுதான்: "நான் கட்டின பணந்தானே சார், எங்கிட்டதானே வரணும்?"

விண்ணப்பத்துக்கென்று அந்த அலுவலகமே ஒரு மின்னஞ்சல் முகவரியை உண்டாக்கி, கடவுச்சொல்லையும் தங்களிடமே வைத்திருந்தது. இது நம் பக்கத்தில் பரவலாக நடப்பது. மாணவருக்கு வரவேண்டிய கடிதங்கள் எல்லாம் வேறொருவர் பெட்டிக்குப் போகின்றன. அந்தப் பெண் விடாமல் கேட்டுக் கடவுச்சொல்லை வாங்கியபோது, ஐ.எச்.எஸ். என்று தொடங்கும் எண்ணோடு, கட்டிய தொகையும் தேதியும் உள்ள உறுதிச்சீட்டு உள்ளே இருந்தது. அந்த எண், தொகை, கட்டிய தேதி, மறுப்பு வந்த தேதி ஆகிய நான்கையும் எழுதி, இந்தத் தொகை உங்கள் அட்டைக்குத் திரும்பியிருக்க வேண்டும், அந்தக் காலத்துக்கான அட்டைக் கணக்கு விவரத்தைக் காட்டுங்கள் என்று பதிவுத்தபாலில் கடிதம் அனுப்பச் சொன்னேன். வாயால் கேட்டபோது வராத பணம், கடிதம் போய்ச் சேர்ந்த பிறகு வந்தது. சர்வீஸ் சார்ஜ் என்று ஒரு தொகையைக் கழித்துக்கொண்டுதான் கொடுத்தார்கள். அந்தக் கழிவையும் எதிர்த்துக் கேட்டிருக்கலாம் என்பது என் எண்ணம். ஆனால், வந்தவரை போதும், அறுவடைக்கு ஆள் பார்க்க வேண்டும் என்று அவர் சொன்னபோது நான் வற்புறுத்தவில்லை.

ஆகவே நான் எல்லோரிடமும் சொல்வது, கட்டணத்தை உங்கள் சொந்த அட்டையில் கட்டுங்கள் என்பதுதான். வங்கிச் செயலியில் வெளிநாட்டு இணையப் பரிவர்த்தனையைத் திறந்து, ஒருநாள் வரம்பை உயர்த்திவிட்டு, வேலை முடிந்ததும் மூடிவிடலாம். செயலி பழக்கம் இல்லாதவர்கள் கிளைக்குப் போனால் செய்து கொடுப்பார்கள். சிங்கப்பூரில் இருக்கும் அண்ணனோ துபாயில் இருக்கும் மாமாவோ தம் அட்டையில் கட்டினாலும் சரிதான். திரும்பும் பணம் குடும்பத்துக்குள்ளேயே திரும்பும். கன்சல்டன்சி அட்டையில் கட்டித்தான் ஆகவேண்டும் என்றால், விசா கட்டணம் இவ்வளவு, மருத்துவக் கட்டணம் இவ்வளவு, தங்கள் கூலி இவ்வளவு என்று பிரித்து எழுதிய ரசீதும், விசா மறுக்கப்பட்டால் அரசிடமிருந்து திரும்பும் தொகையை இத்தனை நாளுக்குள் தருகிறோம் என்ற ஒரு வரியும் வாங்கிக்கொள்ள வேண்டும். அந்த வரியை எழுதித் தரத் தயங்குகிறவரிடம் கட்டுவதற்கு முன் ஒருமுறைக்கு இருமுறை யோசியுங்கள். மின்னஞ்சல் முகவரியும் விண்ணப்பிப்பவருடையதாகவே இருக்கட்டும்.

கனடாவிலும் இதே இரண்டு வகைப் பணம்தான். படிப்பு அனுமதிக்கான 150 டாலரும் கைரேகைக்கான 85 டாலரும் வேலைக்கான கூலி, மறுத்தால் திரும்பாது. பரிசீலனை தொடங்குவதற்கு முன்பே விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றால் 150 டாலர் திரும்பும். விண்ணப்பத்தில் ஏதாவது குறைபாடு இருக்கிறதென்று பரிசீலனைக்கே எடுக்காமல் திருப்பி அனுப்பிவிட்டாலும் பரிசீலனைக் கட்டணம் திரும்பும். நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பிப்பவர்கள் கட்டும் தொகையில் 2024 ஏப்ரல் 30-இல் 575 டாலராக உயர்ந்த ஒரு பகுதி, குடியேறும் உரிமைக்கான கட்டணம். உரிமை கிடைக்காவிட்டால் அது திரும்பிவிடும்.

கனடா விஷயத்தில் பழைய கதை ஒன்றையும் சொல்லவேண்டும், ஏனென்றால் குடியேற்றக் கட்டணம் இவ்வளவு பெரிய அளவில் திருப்பித் தரப்பட்டதாக எனக்குத் தெரிந்த நிகழ்ச்சி வேறு இல்லை. அங்கே தொழில்திறன் பிரிவில் குடியேற விண்ணப்பித்துக் காத்திருந்தவர்களின் வரிசை ஆண்டுக்கணக்கில் நீண்டுகொண்டே போனது. 2012 ஜூனில் கனடா நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றி, 2008 பிப்ரவரி 27-க்கு முன்பு வந்து 2012 மார்ச் 29-க்கு முன் முடிவெடுக்கப்படாத விண்ணப்பங்களை ஒரேயடியாக ரத்து செய்தது. விண்ணப்பித்தவர்களும் அவர்களுடைய குடும்பத்தாருமாக ஏறத்தாழ 2,80,000 பேர் அதில் அடங்குவார்கள். கட்டணமாகத் திருப்பித் தரவேண்டிய தொகை சுமார் 13 கோடி கனடா டாலர் என்று அரசே சொன்னது. கட்டியவர்களுக்குக் கட்டணம் "வட்டியின்றி" திருப்பித் தரப்படும் என்று சட்டத்திலேயே எழுதினார்கள். இழப்பீடு கேட்டு வழக்குப் போடும் வழியையும் அதே சட்டத்தில் அடைத்தார்கள். நீதிமன்றம் போனவர்கள் சிலர் உண்டு. 2013-இல் அங்குள்ள கூட்டாட்சி நீதிமன்றம் அவர்களுக்கு எதிராகவே தீர்ப்பளித்தது.

அந்த வரிசையில் நின்றவர்களில் மன்னார்குடிப் பக்கத்துப் பொறியாளர் ஒருவரும் உண்டு. 2007 வாக்கில் தனக்கும் மனைவிக்கும் தலா 550 டாலர் கட்டிவிட்டுக் காத்திருந்தார். கட்டியபோது கனடா டாலர் 40 ரூபாய்க்கு அருகில் இருந்தது. பணம் திரும்பி வந்தபோது 55 ரூபாய்க்கு அருகில் இருந்தது. ரூபாய்க் கணக்கில் கட்டியதைவிட அதிகமாகவே வந்ததென்று அவர் வியப்போடு சொன்னார். கணக்குப் போட்டுக் காட்டினேன்: ஆண்டுக்கு ஐந்தரை சதவீதம்கூட வரவில்லை, அதே பணத்தை எங்கள் வங்கியில் வைப்புத்தொகையாகப் போட்டிருந்தால் அதைவிட நன்றாகக் கிடைத்திருக்கும். ஆனாலும் அவருடைய வருத்தம் பணத்தில் இல்லை. அந்தக் காத்திருப்பில் அவர் வேண்டாமென்று விட்ட வேலைகளுக்கும், தள்ளிப்போட்ட வீட்டுக்கும் எந்தச் சட்டத்திலும் கணக்கு இல்லை.

அமெரிக்காவைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம், ஏனென்றால் அங்கே திரும்புவது மிகக் குறைவு. சுற்றுலா, மாணவர் விசாக்களுக்கு 2023 ஜூன் முதல் 185 டாலர். மறுத்தாலும் திரும்பாது, இன்னொருவர் பெயருக்கு மாற்றவும் முடியாது. கட்டிய நாளிலிருந்து 365 நாளுக்குள் நேர்காணல் தேதியைப் பதிவு செய்துவிட வேண்டும். செய்யாவிட்டால் அந்தப் பணம் காலாவதியாகிவிடும். மாணவர்கள் செவிஸ் என்ற பதிவுக்காக 350 டாலர் தனியாகக் கட்டுகிறார்கள். அதுவும் திரும்பாது, ஆனால் விசா மறுக்கப்பட்டு 12 மாதத்துக்குள் அதே வகை விசாவுக்கு மீண்டும் விண்ணப்பித்தால் திரும்பவும் கட்டத் தேவையில்லை. இது தெரியாதவர்களிடம் இரண்டாம் முறையும் 350 டாலர் வாங்கிய கன்சல்டன்சி அலுவலகங்கள் உண்டு. வாங்கிய பணம் எங்கே போனது என்று கேட்டவர்கள் குறைவு. வேலை விசாவில், கூடுதல் கட்டணம் கட்டி விரைவாக முடிவெடுக்கக் கேட்கும் ஏற்பாட்டில் மட்டும், குறித்த காலத்துக்குள் அங்குள்ள குடியேற்றத் துறை நடவடிக்கை எடுக்காவிட்டால் அந்த விரைவுக் கட்டணத்தைத் திருப்பித் தருகிறார்கள். அதைக் கட்டுவது பெரும்பாலும் நிறுவனம் என்பதால் நமக்கு அதில் வேலையில்லை.

ஐரோப்பாவின் ஷெங்கன் விசாவுக்கு 2024 ஜூன் 11 முதல் 90 யூரோ. மறுப்பு என்றால் திரும்பாது. விண்ணப்பம் பரிசீலனைக்கே தகுதியற்றது என்று தூதரகம் ஏற்காமல் திருப்பினால் அவர்களின் விசா சட்டப்படியே கட்டணத்தைத் திருப்பித் தரவேண்டும். ஆஸ்திரேலியாவிலும் மறுத்தால் திரும்பாது. மாணவர் விசா கட்டணம் 2025 ஜூலையில் 2,000 டாலரைத் தொட்டுவிட்டது. அதே ஆஸ்திரேலியா, கொரோனாவுக்குப் பின் ஆள் பற்றாக்குறையில் தவித்தபோது, 2022 ஜனவரி 19 முதல் மார்ச் 19 வரையிலான காலத்தில் வந்து இறங்கிய மாணவர்களுக்கு 630 டாலர் விசா கட்டணத்தைத் திருப்பித் தந்தது. தேவை இருக்கும்போது எந்த அரசுக்கும் கை தாராளமாகும் போலும்.

இதுவரை சொன்னது பெரும்பாலும் படிக்கப் போகிறவர்களைப் பற்றியது. எங்கள் காவிரி டெல்டாவிலிருந்து வெளியே போகிறவர்களில் பெரும் பங்கினர் கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், பட்டுக்கோட்டை என்று வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்குப் போகிறவர்கள். அவர்கள் வெளிநாட்டு அரசுக்கு நேரடியாகக் கட்டுவது குறைவு, கொடுப்பதெல்லாம் ஏஜென்டிடம். இங்கே சட்டம் வேறு. 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பவர் மத்திய அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். அப்படிப் பதிவு பெற்றவர் தொழிலாளியிடம் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் மட்டுமே வாங்கலாம், ரசீதும் தரவேண்டும். ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் என்று கொடுத்துவிட்டு விசா வரவில்லை என்று வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, ஏஜென்டின் பதிவு எண்ணும் ரசீதும் இருக்கின்றனவா என்றுதான். பெரும்பாலும் இரண்டும் இருக்காது. பதிவு எண் உண்மையா என்பதை மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பணம் கொடுப்பதற்கு முன் பார்த்துக்கொள்ளலாம். பதிவு பெற்றவர் என்றால் சென்னையில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம்; அவர் அரசிடம் வைத்திருக்கும் வங்கி உத்தரவாதம் இருப்பதால் அந்தப் புகாருக்குக் கொஞ்சம் கனம் உண்டு. பதிவில்லாதவர் என்றால் காவல் நிலையம்தான் வழி. தமிழ்நாடு அரசின் அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வுத் துறைக்கும் எழுதலாம்.

சிங்கப்பூருக்குப் போகிறவர்களுக்கு உதவும் விதி ஒன்று உண்டு. அங்கு உரிமம் பெற்ற ஏஜென்ட், ஒப்பந்த ஆண்டு ஒன்றுக்கு ஒரு மாதச் சம்பளம் என்ற கணக்கில், அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளம் வரைதான் தொழிலாளியிடம் வாங்கலாம். சேர்ந்த ஆறு மாதத்துக்குள் முதலாளியே வேலையை விட்டு நீக்கினால், வாங்கியதில் பாதியையாவது திருப்பித் தரவேண்டும். தொழிலாளியின் பெயரில் முதலாளி அரசுக்குக் கட்டும் மாத லெவி என்ற வரியையும் 5,000 வெள்ளி பிணைத்தொகையையும் தொழிலாளியிடம் வசூலிக்கக் கூடாது. ஆனால் இந்தப் பாதுகாப்பு சிங்கப்பூர் ஏஜென்டுக்குக் கொடுத்த பணத்துக்குத்தான். திருச்சியிலோ பட்டுக்கோட்டையிலோ இடைத்தரகர் கையில் கொடுத்த லட்சங்களை அந்த நாட்டுச் சட்டம் எட்டிப்பிடிக்காது. எந்தப் பணம் யாருக்குப் போகிறது என்று பிரித்துக் கேட்கவேண்டும் என்று மேலே மாணவர்களுக்குச் சொன்னது இவர்களுக்கு இன்னும் அதிகமாகப் பொருந்தும்.

இனி, வங்கிப் பக்கத்துச் சங்கதிகள் சில. பவுண்டிலோ டாலரிலோ அட்டையில் கட்டும்போது, அன்றைய மாற்று விலையின்மேல் இரண்டு முதல் மூன்றரை சதவீதம் வரை வங்கி கூடுதலாக எடுத்துக்கொள்ளும், அதன்மேல் ஜி.எஸ்.டி. உண்டு. பணம் திரும்பும்போது திரும்பும் நாளின் விலையில் வரும். முன்பு எடுத்த கூடுதல் பெரும்பாலும் திரும்பாது. ஆகவே ரூபாயில் கொஞ்சம் குறைந்தோ கூடியோ வரும்; அதைப் பார்த்து ஏமாற்றப்பட்டோம் என்று எண்ண வேண்டாம். பவுண்டுக் கணக்கு சரியாக இருக்கிறதா என்பதையே பார்க்கவேண்டும். ஆறு வாரம் கடந்தும் வரவில்லையென்றால் இங்கிலாந்து விசா துறைக்கு எழுதி, பணம் அனுப்பியாகிவிட்டது என்று அவர்கள் சொன்னால், அந்தப் பரிவர்த்தனைக்கான 23 இலக்க ஏ.ஆர்.என். எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அந்த எண்ணை வைத்து உங்கள் வங்கி பணத்தைத் தேடிக் கண்டுபிடிக்க முடியும். அது இல்லாமல் கிளையில் போய் நின்றால், "இன்னும் வரலீங்க" என்ற பதிலைத் தவிர வேறு கிடைக்காது. பணம் திரும்பும்வரை அந்த அட்டைக் கணக்கை மூடாதீர்கள். விசா மறுத்துவிட்டார்களே என்று கோபத்தில், அட்டை நிறுவனத்திடம் அந்தக் கட்டணத்தையே மறுத்துத் தகராறு எழுப்பும் வேலையும் வேண்டாம்; திரும்பாத கட்டணம் அதனால் திரும்பிவிடாது, அடுத்த விண்ணப்பத்தில் கட்டணம் கட்டாதவர் என்ற பெயர்தான் மிஞ்சக்கூடும்.

கல்லூரிக் கட்டணத்தை வங்கி வழியாக அனுப்பியவர்களுக்கு இன்னொரு திரும்பும் பணம் உண்டு. சொந்தப் பணத்திலிருந்து ஒரு நிதியாண்டில் 10 லட்சத்துக்கு மேல் அனுப்பினால், மேற்பட்ட தொகைக்கு டி.சி.எஸ். என்று ஒரு வரியை வங்கி பிடித்துச் செலுத்திவிடும். 10 லட்சம் என்ற வரம்பு 2025 ஏப்ரல் முதல் உள்ளது. விசா மறுக்கப்பட்டால் மறுப்புக் கடிதத்தைக் காட்டிக் கல்லூரியிடமிருந்து கட்டணத்தைப் பெரும்பாலும் திரும்பப் பெறலாம். ஆனால் இந்த வரி அதனோடு சேர்ந்து திரும்பாது. பணம் அனுப்பியவர் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்துதான் அதைத் திரும்பப் பெறவேண்டும். விவசாய வருமானத்துக்கு வரி இல்லை என்பதால் எங்கள் பக்கத்தில் பலர் கணக்குத் தாக்கல் செய்வதே இல்லை. அப்படியே அந்தப் பணம் அரசிடம் தங்கிவிடுகிறது. அந்த ஓராண்டுக்காவது தாக்கல் செய்யுங்கள். யாருடைய பான் எண்ணில் பணம் போனதோ அவர்தான் செய்யவேண்டும்.

கன்சல்டன்சி பணத்தைத் தர மறுத்தால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 இருக்கிறது. முதலில் 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் புகாரைப் பதிவு செய்யலாம். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போகலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணமே இல்லை. வழக்கறிஞர் வைத்தே ஆகவேண்டும் என்பதும் இல்லை. தகராறு எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனு கொடுக்கவேண்டும். சம்பா முடியட்டும், திருவிழா முடியட்டும் என்று தள்ளிப்போடுகிறவர்கள் இந்தக் கெடுவைத்தான் தவற விடுகிறார்கள்.

இது தொடர்பாக என்னைத் தேடி வருகிறவர்கள் விண்ணப்பத்தின் நகல், கட்டண உறுதிச்சீட்டு, மறுப்புக் கடிதம், பணம் போன அட்டையின் கணக்கு விவரம், ஏஜென்ட் கொடுத்த ரசீது ஆகியவற்றோடு வந்தால் பேச வசதியாக இருக்கும். விசா ரீஃபண்ட் வந்திருக்கிறது, ஓ.டி.பி. சொல்லுங்கள் என்று யாராவது தொலைபேசியில் அழைத்தால் வைத்துவிடுங்கள். திரும்பும் பணம் நம் கணக்கில் சேர ஓ.டி.பி.யும் தேவையில்லை, யு.பி.ஐ. ரகசிய எண்ணும் தேவையில்லை. அவற்றை என்னிடமும் சொல்ல வேண்டாம்.